கம்பில் பின்னிய வார்த்தை

— தொடாதே ஃபுமியே. கையெல்லாம் எண்ணெய்.

— துடைச்சுட்டேன்டி. இத பாரு, கவுன்லயே துடைச்சுட்டேன். எண்ணெய்ப் பலகாரம் சுட்டு எடுத்துக்கிட்டு வந்தவளைப் பார்த்து சொல்ற முதல் வார்த்தையா இது? ஏன் இப்படி உறையைப் போட்டு இறுக்கக் கட்டி வச்சிருக்கே? சாயங்காலம் ஹீலோ ஊரே பார்க்கப் போற தூண்டில் கம்பு. நான் மட்டும் முன்னாடியே பார்த்தா கண்ணு பட்டுடுமா?

— சாயங்காலம் எல்லாரோடயும் சேர்ந்து பாரு.

— எல்லாரோடயும் சேர்ந்தா எனக்கு என்ன தெரியும்? கோயில் மண்டபத்துல முன்வரிசையில அந்தக் குண்டுப் பாதிரியார் வந்து உக்காந்தா மேடையே மறைஞ்சுடும். நான் ஒண்ணு சொல்லட்டா நோஹேயா? நீ கல்யாணம் பண்ணிக்கிட்டு இந்த வீட்டுக்கு வந்த நாள்லேந்து நான் பக்கத்து வீட்டுக்காரி. உன் கையால நூல் சுத்திப் பின்னின ஒவ்வொரு கம்பையும் முதல்ல பார்த்தவ நான்தான்.

— இதை மட்டும் விடு.

— சரி. கேயாவே பேரை எந்த நிறத்துல போட்டே? அதையாவது சொல்லு.

— மஞ்சள். ஓரத்துல சிவப்பு.

— அதானே. அவனுக்குப் பிடிச்ச நிறம். பாவி மனுஷன், கடலுக்குள்ள போய் எத்தனையோ வருஷம் ஆச்சு, எனக்கு இன்னும் அந்த மஞ்சள் சட்டை உன் கொடியில ஆடிக்கிட்டிருக்கற மாதிரியேதான் இருக்கு. எல்வுட்டையும் சும்மா சொல்லக் கூடாது. மீன்பிடிப் போட்டிக்கே கேயாவே பேரு. ஜெயிக்கிறவன் கையில கொடுக்கறதுக்குக் கேயாவே பேர் போட்ட கம்பு. அதைக் கட்டுறதுக்கு கேயாவே பெண்டாட்டி. செத்த பிறகும் இப்படித் தூக்கி வச்சுக் கொண்டாடற கூட்டாளி யாருக்குடி வாய்ப்பான்?

— ஆமா. யாருக்கு வாய்ப்பான்.

— என்னடி, பாகற்காயை மென்னுக்கிட்டே பேசற மாதிரி பேசறே?

— உறையைக் கீழே வை.

— கொஞ்சமே கொஞ்சம் இறக்கறேன். பேரை மட்டும் பார்த்துட்டு மூடிடறேன். அம்மாடி! என்ன வேலைடி இது! பேரு நெருப்பு மாதிரி நிக்குது. இது தென்முனைப் பாறை, கேயாவே போன இடம். இது அலை. நுரைக்கு வெள்ளையிலயே ரெண்டு விதமா நூல் போட்டிருக்கே. இவ்வளவு பொடிசா எப்படிடி உன் கண்ணுக்குத் தெரியுது? மேல ஒருத்தன் நிக்கறான். தண்ணிக்குள்ள ஒருத்தன். நடுவுல இது என்ன, கயிறா?

— கயிறுதான்.

— கயிறு எதுக்கு இங்க வந்துச்சு? எல்வுட் கேட்டது பேரும் ஒரு உலுவா மீனும்தானே? நானும் கூடத்தானே இருந்தேன். 'நல்ல கொழுத்த உலுவாவாப் போடு தங்கச்சி'ன்னு வயித்தைத் தட்டிக் காட்டிக்கிட்டே சொன்னானே.

— இவ்வளவு இறக்கினவ இன்னும் கொஞ்சம் இறக்கு. மிச்சத்தையும் பார்த்துடு.

— எழுத்து போட்டிருக்கே. 'விட்டுடு'. அதுக்கு அடியில... அடியில 'எல்வுட்'. நோஹேயா. என்னடி இது?

— உனக்குப் படிக்கத் தெரியும்.

— படிச்சுட்டேன். அதான் கேக்கறேன்.

— கேயாவே காதுல கடைசியா விழுந்த வார்த்தை அது. சொன்னவன் பேரை அடியில போட்டிருக்கேன். வேற ஒண்ணும் நான் சேர்க்கலை.

— யார் சொன்னது உனக்கு?

— உன் வீட்டுக்காரர்தான். அவரும் அன்னைக்கு அங்கதானே இருந்தாரு.

— ஷிகேருவா? அவர் போய்ச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகப் போகுதேடி.

— போறதுக்கு முன்னாடி. ஆஸ்பத்திரியில. நீ குளிச்சுட்டு வரேன்னு வீட்டுக்குப் போனே, நான் பக்கத்துல உக்காந்திருந்தேன். காய்ச்சல் கொதிக்குது. கண்ணை மூடிக்கிட்டே கத்தறாரு. 'விட்டுடு விட்டுடுன்னு கத்தறான் பாரு, எல்வுட் கத்தறான் பாரு'ன்னு. தோளைப் புடிச்சு உலுக்கினேன். 'எதை விடச் சொன்னான், யாரை விடச் சொன்னான், அண்ணே'ன்னு கேட்டேன். கண்ணைத் திறந்தாரு. பார்த்தாரு, நான்னு தெரிஞ்சுது. சுவர் பக்கமாத் திரும்பிப் படுத்துட்டாரு. அதுக்கப்புறம் சாகற வரைக்கும் என் முகத்தைப் பார்க்கலை.

— காய்ச்சல்ல உளறினதை வச்சுக்கிட்டா...

— உளறல் பொய் சொல்லாது ஃபுமியே. புத்தி தெளிவா இருக்கறவன்தான் பொய் சொல்லுவான். எல்வுட் என்ன சொன்னான்? 'நான் முதுகைக் காட்டி உக்காந்து இரை வெட்டிக்கிட்டிருந்தேன், அலைச் சத்தம் கேட்டுத் திரும்பினேன், ஆளைக் காணோம்.' போலீஸ்கிட்ட அதைத்தான் சொன்னான். பாதிரியார்கிட்ட அதைத்தான். என்கிட்டயும் அதேதான். ஒரு எழுத்து மாறலை. உண்மையைச் சொல்றவன் ஒரு தடவை முன்னப் பின்னச் சொல்லுவான், ஒரு தடவை அழுவான், ஒரு தடவை மறந்துடுவான். மனப்பாடம் பண்ணினவன்தான் அப்படிச் சொல்லுவான்.

— அதிர்ச்சியில சிலபேர் அப்படித்தான் இருப்பாங்க.

— அவன் கை? உடம்பு கரை ஒதுங்கி அடக்கம் பண்ணின அன்னைக்கு ரெண்டு உள்ளங்கையிலயும் கட்டுப் போட்டிருந்தானே, ஞாபகம் இருக்கா? 'பாறையில வழுக்கிட்டேன்'னான். கட்டைப் பிரிச்சு மருந்து போட்டு விட்டவளே நான்தான். என் புருஷனைப் புதைச்சுட்டு வந்து அவன் கைக்கு நான் மருந்து போட்டேன். பாறை கீறினா அப்படியா இருக்கும்? குறுக்கால ஏர் ஓட்டின மாதிரி தோல் உரிஞ்சு கிடந்துச்சு. அன்னைக்கு எனக்குப் புத்தி வேலை செய்யலை. இப்ப செய்யுது. கயிறு உருவின காயம் அது.

— அதனால?

— அதனால கயிறு அவன் கையில இருந்துச்சு. மறு முனையில கேயாவே தொங்கிக்கிட்டு இருந்திருக்கான். அலை இழுக்குது. தானும் போயிடுவோம்னு இவனுக்கு உசிர் பயம். 'விட்டுடு, விட்டுடு'ன்னு கத்தியிருக்கான். கேயாவே விட்டிருப்பான். அவன் எப்படிப்பட்டவன்னு உனக்குத் தெரியாதா? கூட்டாளி கெஞ்சினா உசிரைக்கூட விட்டுடுவான்.

— ஐயோ, இதையெல்லாம் ஒரு வருஷமா வயித்துக்குள்ள வச்சுக்கிட்டா அவன்கூடச் சிரிச்சுப் பேசிக்கிட்டு இருந்தே?

— சிரிச்சேன். கதவைத் திறந்து விட்டேன். காபி போட்டுக் கொடுத்தேன். இந்தக் கம்பைக் கட்டித் தரியான்னு அவனே வாயைத் திறந்து கேட்டப்போ, 'சரி அண்ணே, ஜனங்க மறக்கவே முடியாத மாதிரி கட்டித் தரேன்'னேன். அவன் கண்ணுல தண்ணி வந்துடுச்சு. எனக்கு எவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு தெரியுமா?

— கேட்கவே பயமா இருக்குடி. இரு, நான் ஒண்ணு சொல்லட்டா? பிரிச்சுடு. இப்பவே பிரிச்சுடு. நூல்தானே?

— மேல பூச்சுப் பூசியாச்சு. கல்லு மாதிரி இறுகிடுச்சு. இனிமே கத்தி வச்சுச் செதுக்கினாத்தான் போகும், கம்பும் கூடச் சேர்ந்து போகும்.

— அப்ப செதுக்கு!

— இதை எப்படிப் பின்னினேன்னு உனக்குத் தெரியுமா? கம்பு நெடுகிலும் நூலைப் படுக்க வச்சு, ஒரு நூலை ஊசியால தூக்கி, பக்கத்து நூலை அமுக்கி, குறுக்கால ஒரு சுத்து. மறுபடியும் தூக்கி, அமுக்கி, ஒரு சுத்து. நாள் முழுக்க உக்காந்தா ஒரு விரல்கடை அளவு வரும். அவன் பேரோட முதல் எழுத்தை மட்டும் எத்தனையோ தடவை பிரிச்சுப் பிரிச்சுப் போட்டேன். கோபத்துல இல்லை. கோணலா வந்துடக் கூடாதுன்னு. கடைசி வரிசையில உக்காந்திருக்கற அரைக்குருடனுக்கும் அவன் பேர் தெரியணும்.

— போலீஸுக்குப் போயிருக்கலாமே.

— செத்தவன் உளறினதைச் சாட்சியா வச்சா? எனக்குப் போலீஸ் வேண்டாம். அவனை ஜெயில்ல போட்டு எனக்கு என்ன வரப் போகுது? அவன்கிட்ட இருக்கறது ஒண்ணே ஒண்ணுதான். நல்லவன்கற பேரு. அதை ஊருக்கு நடுவுல வச்சு உரிக்கணும். உரிச்ச பிறகு அவன் உசிரோட இருக்கணும், நெடுநாள் இருக்கணும். கடைக்குப் போனா ஜனங்க பேச்சை நிறுத்தணும். அவன் பாறைக்குப் போய் நின்னா பக்கத்துல ஒருத்தன் தூண்டில் போடக் கூடாது.

— அவன் உனக்குச் செஞ்சதெல்லாம் மறந்து போச்சாடி? புயல்ல பறந்த கூரையை ஏறிப் போட்டவன் யாரு? உன் மகனுக்கு வலை வீசக் கத்துக் கொடுத்தவன் யாரு? அவன் ஹோனோலுலுவுக்குப் படிக்கப் போனப்போ கப்பல்துறைக்கும் விமான நிலையத்துக்கும் அலைஞ்சவன் யாரு? சனிக்கிழமை தவறினாலும் அவன் மீன் கொண்டாந்து போடறது தவறினது உண்டா?

— என் புருஷனைக் கொன்னவன் கொண்டு வந்த மீனை நான் வருஷக்கணக்கா வறுத்துத் தின்னிருக்கேன். ருசியா இருக்குன்னு சொல்லியிருக்கேன். என் பிள்ளைக்கு முள்ளு எடுத்து ஊட்டியிருக்கேன். அதுக்கும் சேர்த்துத்தான் இது.

— அவனுக்கு நெஞ்சு வலி இருக்குடி. போன மாசம்கூட டோரீன் அழுதா.

— அவன் பெண்டாட்டி அவ. அழட்டும். நான் அழுதப்போ அவதான் என் தலையை மடியில போட்டுக்கிட்டா. அப்ப அவ புருஷன் பக்கத்துலயே நின்னு தன் காலையே பார்த்துக்கிட்டு இருந்தான்.

— நோஹேயா, என் கண்ணு, சொன்னாக் கேளு. உனக்கு எல்லாமும் தெரியாது.

— தெரியாதது என்ன இருக்கு? சொல்லு.

— ஒண்ணுமில்லை.

— ஒண்ணுமில்லாததுக்கா முகம் இப்படி வெளுக்குது?

— வண்டிச் சத்தம் கேக்குது. அவன்தான். அந்த ஓட்டை சைலன்சர் அவனோடதுதான். மூடு, மூடு, உறையைப் போட்டு மூடு!

— நீ ஏன் பதறறே? பதற வேண்டியவ நான்தானே? இதோ மூடிட்டேன் பாரு.

— தங்கச்சி! உள்ள இருக்கியா? இந்த மழை ஆளைப் பிழிஞ்சு காயப் போடுது. அட, ஃபுமியே அக்காவும் இங்கதானா? வாசல்லயே பலகார வாசனை அடிச்சுது, நினைச்சேன்.

— எடுத்துக்கோ எல்வுட். சூடா இருக்கு. இல்லை, வேண்டாம், முதல்ல உக்காரு.

— உக்கார நேரமில்லைக்கா. விருந்துக்குக் குழியில பன்னி வெந்துக்கிட்டிருக்கு, பசங்களை நம்பி விட்டுட்டு வந்திருக்கேன். கோனா பக்கத்துலேந்து ரெண்டு வண்டி ஆளுங்க இறங்கியாச்சு, பாட்டிலைத் திறக்க ஒரு காரணம் தேடிக்கிட்டிருக்கானுங்க. என்ன தங்கச்சி, ஆச்சா?

— வாங்க. ஆச்சு.

— வாங்களா? நான் எப்பலேந்துடி வாங்க போங்க ஆனேன்?

— இன்னைக்கு நீங்க பெரிய மனுஷன் இல்லியா. மேடையில நிக்கப் போறீங்க.

— அட போ. டோரீன் காலர் வச்ச சட்டையை மாட்டி விட்டுட்டா, கழுத்தை அறுக்குது. செருப்பைக்கூட மாத்திட்டா. பொணத்துக்கு உடுத்தற மாதிரி உடுத்தி விட்டிருக்கா. எங்க, கம்பைக் காட்டு.

— மேடையில பிரிக்கலாம். நானும் பக்கத்துல நிக்கறேன். ரெண்டு வார்த்தை பேசுன்னு வருஷா வருஷம் கேப்பீங்களே, இந்தத் தடவை பேசறேன்.

— பேசறியா? நிஜமாவா? ஃபுமியே அக்கா, கேட்டீங்களா? இத்தனை வருஷத்துல ஒரு தடவைகூட மண்டபத்துக்குள்ள கால் வைக்காதவ! கேயாவே கேட்டா என்ன சொல்லுவான்? 'என் பெண்டாட்டி மைக் புடிச்சா நான் கடலுக்கே போயிடறேன்'னு...

— போயிட்டான்ல. இனிமே பயமில்லை.

— மன்னிச்சுடு தங்கச்சி. வாய் தவறிடுச்சு.

— உங்களுக்கு வாய் தவறவே தவறாதே அண்ணே. எப்பவும் ஒரே மாதிரி அழகா வருமே.

— எல்வுட், இப்பவே பிரிச்சுப் பாரு.

— ஃபுமியே!

— பார்க்கட்டும்டி. மேடையில நெஞ்சைப் புடிச்சுக்கிட்டு சாஞ்சான்னா நீ எல்லாருக்கும் பதில் சொல்லுவியா? இப்ப பார்க்கட்டும். நான் பக்கத்துல இருக்கேன்.

— என்னக்கா பயமுறுத்தறீங்க? என்ன ஆச்சு, மீன் சின்னதாப் போச்சா? அதெல்லாம் பரவாயில்லை, நாங்க சொல்றப்போ பெரிசாயிடும்.

— சரி, பாருங்க. மேடையில தூரத்துலேந்து பார்க்கறதைவிட இங்க கிட்டத்துல உங்க முகத்தைப் பார்க்கறது எனக்கும் நல்லதுதான். உறையை நான் அவுத்துத் தரேன். இந்தாங்க. வெளிச்சத்துல புடிங்க.

— அப்பா! பேரைப் பாரேன். சிவப்பு ஓரம் ரத்தம் மாதிரி ஓடுது. என்னமா இருக்கு தங்கச்சி. இது நம்ம பாறை. அந்த உடைஞ்ச மூலையைக்கூட விடலை நீ. இங்கதான் நாங்க சோத்துப் பொட்டலத்தைப் பிரிச்சு வச்சுச் சாப்பிடுவோம். இது யாரு, நானா? தொப்பையைக் கொஞ்சம் குறைச்சுப் போட்டிருக்கே...

— இன்னும் கீழே இருக்கு.

— எல்வுட்? எல்வுட், அந்த முக்காலியை இழுத்து உக்காரு. உக்காருன்னு சொல்றேன்ல. நோஹேயா, தண்ணி கொடுடி.

— படிங்க. சத்தமாப் படிங்க. உங்க வார்த்தைதானே.

— யார் சொன்னது உனக்கு?

— கேட்டுக்கோ ஃபுமியே. 'நான் சொல்லலை'ன்னு வாயில வரலை பாரு. 'யார் சொன்னது'ன்னுதான் வருது.

— ஷிகேரு அண்ணனா?

— அடுத்த முனையில நின்னு தூண்டில் போட்டுக்கிட்டிருந்தது அவர்தானே. எதையும் பார்க்கலைன்னாரு. நீங்க ரெண்டு பேரும் கூடிப் பேசி வச்சிருந்தீங்க. சொல்லுங்க, சொன்னீங்களா இல்லியா?

— சொன்னேன்.

— எத்தனை தடவை?

— தொண்டை கிழியற வரைக்கும்.

— கயிறு உங்க கையில இருந்துச்சு.

— ஆமா.

— மறு முனை அவன் கையில.

— ஆமா தங்கச்சி.

— அப்ப முதுகைக் காட்டி இரை வெட்டிக்கிட்டிருந்தது?

— பொய்.

— தங்கச்சின்னு கூப்பிடாதே! இனிமே அந்த வார்த்தை உன் வாயில வந்துச்சுன்னா இந்தக் கம்பாலயே அடிப்பேன். இத்தனை வருஷம் எந்த வாயால கூப்பிட்டே? என் வீட்டுல உக்காந்து என் கையால சாப்பிட்டு, என் மகன் தலையைத் தடவிக் கொடுத்தியே, அந்தக் கையில தோல் உரிஞ்ச தழும்பு உறுத்தலையா? அவனும் போனான். அவனோட கம்பும் போச்சு. பாறையில இருந்த மத்த சாமானையெல்லாம் பத்திரமாப் பொறுக்கிக்கிட்டு நீ மட்டும் முழுசா என் வாசல்ல வந்து நின்னே!

— ஆமா. நின்னேன்.

— அவ்வளவுதானா?

— சாயங்காலம் நான் இதைத் தூக்கிப் புடிக்கறேன். நீ சொல்ல வேண்டியதை மைக்ல சொல்லு. ஒரு வார்த்தை எதிர்த்துப் பேச மாட்டேன். டோரீனை மட்டும் முன்வரிசையில உக்கார வேண்டாம்னு சொல்லிடறேன்.

— உக்காரட்டும். கேயாவே பொட்டியை மூடினப்போ நான் முன்வரிசையிலதான் உக்காந்திருந்தேன்.

— சரி. உக்காரட்டும்.

— ஏன் இப்படி எல்லாத்துக்கும் சரி சரிங்கறே? மறுத்துப் பேசு! கால்ல விழு! பிள்ளைகுட்டி இருக்குன்னு கெஞ்சு! நீ கெஞ்சுவே, நான் முடியாதுன்னு சொல்லுவேன்னு ஒவ்வொரு நூலையும் தூக்கறப்போ நினைச்சுக்கிட்டே பின்னினேன். எனக்கு அதைக்கூடத் தர மாட்டியா?

— கெஞ்ச ஒண்ணுமில்லை. வேலை ரொம்ப நல்லா வந்திருக்கு. கேயாவே இருந்தா ஊரெல்லாம் காட்டிக்கிட்டுத் திரிவான்.

— பார்த்தியா ஃபுமியே? பார்த்தியா இவனை? இந்த நேரத்துலயும் பெருந்தன்மை காட்டறான். நான் பேயாட்டம் ஆடணும், இவன் தெய்வம் மாதிரி நிக்கணும். மேடையிலயும் இப்படித்தான் நிக்கப் போறான். தலையைக் குனிஞ்சுக்கிட்டு. ஜனங்க இவனுக்காக அழப் போறாங்க.

— போதும். எல்வுட், நீ சொல்றியா, நான் சொல்லட்டா?

— அக்கா. அண்ணன் எனக்குச் சத்தியம் பண்ணிக் கொடுத்தாரு.

— பண்ணினவர் மண்ணுக்குள்ள இருக்காரு. ராத்திரி ராத்திரி எழுந்து உக்காந்து அந்தச் சத்தியத்தை மென்னு மென்னுதான் அந்த மனுஷன் போய்ச் சேர்ந்தாரு. நான் யாருக்கும் பண்ணலை.

— அவளுக்கு என்னை வெறுக்கறது சுலபம்க்கா. வெறுத்துட்டுப் போகட்டும். அது பரவாயில்லை.

— என்ன ரெண்டு பேரும் என் தலைக்கு மேல பேசிக்கறீங்க? என்ன சத்தியம்?

— நோஹேயா, கம்பை உறையில போடு. நான் எடுத்துக்கிட்டுப் போறேன். பன்னி கருகிடும்.

— பன்னி கருகட்டும். ஃபுமியே, நீ சொல்லு.

— கேளு, நான் ஒண்ணு... எனக்கு வாய் வரலைடி. கயிறைக் கேயாவே ஒரு கையாலதான் புடிச்சிருந்தான். ஒரே கையால. அவ்வளவுதான் சொல்லுவேன்.

— ஏன்? இன்னொரு கைக்கு என்ன? பாறையில அடிச்சு ஒடிஞ்சிடுச்சா? டாக்டர் அப்படி ஒண்ணும் சொல்லலியே.

— எல்வுட், சொல்லித் தொலை. அவ கண்ணைப் பாரு. இனிமே நீ சொல்லலைன்னா அவளே ஏதாவது கதை கட்டிக்குவா.

— ஒடியலை.

— பின்னே?

— மீன் மாட்டியிருந்துச்சு. பெரிய உலுவா. கம்பு வில்லு மாதிரி வளைஞ்சு நிக்குது, இவன் கத்தறான், நான் குதிக்கறேன். ரெண்டு பேரும் மீனைத்தான் பார்த்தோம். கடலைப் பார்க்கலை. அலை வந்து இவனைக் கம்போட வாரிக்கிட்டு இறங்கிடுச்சு. நான் கயிறை வீசினேன். முதல் வீச்சுலயே புடிச்சுட்டான். புடிச்சுட்டு என்னைப் பார்த்துச் சிரிச்சான். எனக்கும் சிரிப்பு வந்துடுச்சு. வந்துட்டான், அவ்வளவுதான், மேல இழுத்துப் போட்டுட்டு நாலு சாத்து சாத்தணும்னு நினைச்சேன்.

— அப்புறம்?

— ரெண்டு கையாலயும் புடிடான்னேன். புடிக்கலை. மீன் ஒரு பக்கம் இழுக்குது, தண்ணி ஒரு பக்கம் இழுக்குது. அவனுக்குப் பின்னால அடுத்த அலை எழும்பறது எனக்குத் தெரியுது. அவனுக்குத் தெரியலை. 'விட்டுடுடா, அதை விட்டுடுடா'ன்னு கத்தறேன். கயிறு என் கையை உரிச்சுக்கிட்டு ஓடுது. நான் விடலை நோஹேயா. கயிறு லேசாகற வரைக்கும் நான் விடலை.

— எதை விடச் சொன்னே?

— வேண்டாமே.

— எதை?

— கம்பை. முதல்முதலா அவன் பேரைப் போட்டு நீ பின்னிக் கொடுத்தியே, அந்தக் கம்பை.

— பொய். ஒரு கம்புக்காக எவனாவது... பொய் சொல்றே. இத்தனை வருஷம் ஒரு பொய், இப்ப மாட்டிக்கிட்டதும் இன்னொரு பொய். அவன் என்ன பைத்தியமா? ஃபுமியே, இவன் பொய்தானே சொல்றான்? ஏன் அழறே? ஷிகேரு அண்ணன் இதைத்தான் பார்த்தாரா? வாயைத் திறந்து சொல்லேன்.

— இதைத்தான்டி பார்த்தாரு.

— ஏன் விடலையாம்? நீ கத்தினப்போ அவன் ஏதாவது திருப்பிச் சொல்லியிருப்பான். பேசாம இருக்கற ஆள் இல்லை அவன். என்ன சொன்னான்?

— கேக்காதேம்மா.

— கேக்கறேன். சொல்லு.

— சிரிச்சுக்கிட்டேதான் சொன்னான். 'மழைக்காலம் முழுக்க உக்காந்து பின்னியிருக்காடா, இதை விட்டுட்டு வீட்டுக்குப் போனா நோஹேயா என்னைக் கொன்னே போட்டுடுவா'ன்னு.